முப்பத்தொன்றாம் நம்பர் உடும்பு

டீத்தூள் பாக்கெட்டுக்குள் வருகிற அட்டைக்கு ஒருத்தி விலை வைத்தாளாம், அதைக் கேட்க ஊரே வரிசையில் நின்றதாம் என்று இப்போது சிரிக்கிறார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். எண்பத்து மூன்றாம் வருஷம் ராசிபுரத்தில், இப்படிச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் முன்னால் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவர்கள்தான். யார் யார் என்று பெயர் சொல்லவும் எனக்குத் தெரியும். போனால் போகிறது என்று விட்டிருக்கிறேன்.

சங்கதி இதுதான். மணிப்புறா மார்க் டீத்தூள் என்று ஒன்று கடைக்கு வந்தது. தூள் சுமார்தான், கொதிக்க வைத்தால் நிறம் வரும், ருசி வராது. ஆனால் பாக்கெட்டுக்கு ஒரு அட்டை உள்ளே கிடக்கும். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு. முன்பக்கம் ஒரு காட்டு விலங்கின் கலர்ப் படம். பின்பக்கம் நம்பர், விலங்கின் பெயர், அதைப் பற்றி ஒரு வரி, மூலையில் ஒரு சின்னப் புறா. மொத்தம் நாற்பது விலங்கு. நாற்பதையும் சேர்த்துப் புரட்டாசி முடிவதற்குள் கம்பெனிக்கு அனுப்பினால் ஒரு தையல் மெஷின் இலவசம்.

எனக்கு அந்த மெஷின் வேண்டும். ஆசைக்கு இல்லை, மூச்சுக்கு. கல்யாணமாகி ராசிபுரம் வந்த நாளிலிருந்து தறிப்பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தறி ஓட ஓட ஊடை நூல் தீரும், காலியான குச்சிகளில் மறுபடி நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு குச்சி என்று நான் எண்ணியதில்லை. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி, நெஞ்சில் இறங்கி, இருமல் வந்தால் அரை மணி நேரம் நிற்காது. டாக்டர் பட்டறையை விட்டு வெளியே வா என்றார். வெளியே வந்து என்ன செய்வது? கல்யாணத்துக்கு முன்னால் திருச்செங்கோட்டில் தையல் கற்றிருந்தேன். ஜாக்கெட் வெட்டினால் ஒரு இழை பிசகாது. மெஷின்தான் இல்லை. என் வீட்டுக்காரர் செங்கோடன் அச்சாபீசில் கம்போசிட்டர். எழுத்துக் கோப்பவர் சம்பளத்தில் மெஷின் வாங்குவது என்பதெல்லாம் நடக்கிற காரியமா?

ஆகவே அட்டை சேர்த்தேன். சேர்க்கப் போய்த்தான் நீதிபதி ஆனேன்.

அது ஒரு புலியால் வந்தது. அர்த்தநாரி அண்ணன் மளிகைக்கடை முன்னால் இரண்டு பெண்கள் சண்டை. ஒருத்தி புலி அட்டையைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு நாலு மானும் ஒரு கரடியும் கேட்கிறாள். புலி அபூர்வம், கேட்கலாம்தான். எனக்கென்னவோ அந்தப் புலியின் முகம் பிடிக்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். விரலை நாக்கில் வைத்து, புலியின் முதுகில் ஒரு தேய் தேய்த்தேன். மூன்று கோடு என் விரலுக்கு வந்துவிட்டது. அடியில் பார்த்தால் சிறுத்தை! புள்ளியை எல்லாம் இழுத்துக் கோடாக்கி, பின்பக்கம் டீக்கறை பட்ட மாதிரி பெயரையும் நம்பரையும் அழித்து வைத்திருக்கிறாள் பாதகத்தி.

அன்றிலிருந்து ஞாயிறு பத்து மணிக்கு அர்த்தநாரி அண்ணன் கடை வாசலில் எனக்கு ஒரு பழைய டீப்பெட்டி போடுவார்கள். நான் உட்கார்ந்து பார்ப்பேன். முதலில் மோந்து பார்ப்பது. அசல் அட்டையில் டீத்தூள் வாசம் ஊறியிருக்கும். அப்புறம் ஓரம். மெஷினில் வெட்டினது நேராக இருக்கும், கத்தரிக்கோலால் வெட்டினது கை நடுங்கின இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் புறா. முதலில் அடித்த அட்டைகளில் புறாவுக்குக் கண் உண்டு. பிறகு அடித்ததில் அச்சு தேய்ந்து கண் போய்விட்டது. கண்ணுள்ள புறா என்றால் ஒன்றுக்கு இரண்டு.

விலை நான்தான் சொல்வேன். முயல் இரண்டு பாக்கெட்டுக்கு ஒன்று வரும், அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. நரி ஒன்றுக்கு முயல் மூன்று. கரடிக்கு நரி நாலு. யானை வந்தால் கரடி இரண்டு. வாரத்துக்கு வாரம் ஏறும் இறங்கும். "இந்த வாரம் நரி எறங்கிப்போச்சு" என்று நான் சொன்னால், நரி வைத்திருக்கிறவள் முகம் தொங்கிப்போகும். எனக்கு அதில் ஒரு பெருமை. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பெருமையும் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். என் தமிழ்.

நாங்கள் வீட்டை ஊடு என்போம், விட்டுவிடு என்பதை உட்டுரு என்போம். பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் "எங்கூட்டுக்காரரு வருவாருங்க" என்று நான் சொல்ல, காலேஜ் படிக்கிற பெண்கள் நாலு பேர் அதையே மாறி மாறிச் சொல்லிச் சிரித்தார்கள். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன். இனி என் வாயிலும் என் வீட்டிலும் 'வ' இல்லாமல் ஒரு சொல் வரக்கூடாது.

வீட்டுக்காரர்தான் அகப்பட்டுக்கொண்டார். ஊடு என்றால் இரண்டாவது காபி கிடையாது. "உ-ன்னு வாயில வந்தா, 'வி'யான்னு யோசிச்சுப் பேசுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆர்வம் கொஞ்சம் அதிகமாகப் போனதும் உண்டு. ஒரு நாள் அர்த்தநாரி அண்ணன் கடையில் "அரைக் கிலோ விழுந்து குடுங்க" என்றேன். அவர் பதறிப்போய் எட்டிப் பார்த்து, "யாரு அம்மணி உழுந்தது?" என்றார். இட்லிக்கு உளுந்து கேட்டேன் என்று புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் ஆனது. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆவணி பிறந்தபோது என்னிடம் முப்பத்தொன்பது அட்டை இருந்தது. முப்பத்தொன்றாம் நம்பர் மட்டும் இல்லை. என்னிடம் என்ன, ராசிபுரத்தில் ஒருவரிடமும் இல்லை. டீ ஏஜென்ட் வந்தபோது பிடித்து நிறுத்திக் கேட்டேன். "அது உடும்புங்க அம்மணி. கம்பெனியில கொஞ்சமாத்தான் போட்டிருக்காங்க. ஆளாளுக்குக் கெடைச்சா மெஷினுக்கு எங்க போறது?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டான். திருட்டுப் பயல்கள். நாற்பது என்று சொல்லி ஊரையே டீ குடிக்க வைத்துவிட்டு, ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் என்ன?

ஆவணி முழுக்க டீ குடித்தோம். காலையில் டீ, மத்தியானம் டீ, சோற்றுக்குப் பதில் டீ. வயிறு எரிந்தது. எல்லாம் முயல். பாக்கெட்டைக் கிழிப்பேன், முயல் எட்டிப் பார்க்கும், இருமல் வரும். ஒரு நாள் கிழித்துப் பார்த்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் எப்போதுமே ஒன்றும் சொல்லாதவர்.

புரட்டாசி இரண்டாவது வியாழக்கிழமை, வேலை முடிந்து வரும்போது அவரே ஒரு பாக்கெட் டீத்தூள் வாங்கி வந்தார். கடைக்குப் போகச் சொன்னால் நூறு தடவை சொல்ல வேண்டிய மனுஷர். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிழித்தேன். அட்டையை உருவினேன். மரத்தில் ஏறுகிற மாதிரி ஒரு பெரிய பல்லி. திருப்பினேன். முப்பத்தொன்று!

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் அக்கா யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அவர் சிரித்தார், சிரிக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் நிதானமாகச் சோதித்தேன். டீத்தூள் வாசம் இருந்தது. ஓரம் மெஷின் வெட்டு. அட்டை மற்றதைவிடக் கொஞ்சம் கனம். இருக்கட்டும், அபூர்வ அட்டைக்குக் கனமாகத்தான் போடுவார்கள். புறாவுக்குக் கண் இருந்தது. அதோடு அதன் அலகில் ஒரு சின்ன மாவிலை வேறு. அபூர்வ அட்டைக்கு அபூர்வப் புறா! பெயர் 'விடும்பு' என்று போட்டிருந்தது. கீழே, 'இது பிடித்தால் விடாது' என்று ஒரு வரி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷமாக ஊரே உடும்பு, உடும்பு என்று கொச்சையாகப் பேசிக்கொண்டு திரிகிறது. கம்பெனிக்காரன் படித்தவன், சுத்தத் தமிழில் போட்டிருக்கிறான்.

திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்கலாம். ஆனால் நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறதே! ஊருக்குக் காட்டாமல் எப்படி அனுப்புவது?

அந்த ஞாயிறு கடை வாசலில் முப்பது பேராவது இருப்பார்கள். அட்டையைக் கையில் கொடுக்கவில்லை, நானே பிடித்துக் காட்டினேன். அர்த்தநாரி அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"விடும்பா? உடும்புன்னல்லங்க அம்மணி சொல்லுவோம்?"

"ஊடுன்னும்தான் சொல்றோம். அதுக்காக எழுதும்போது அப்படியா எழுதறோம்? பிடிச்சா விடாது, அதனால விடும்பு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "விடாததுக்கு விடாம்புன்னுதானுங்க பேரு வெக்கோணும்?"

"உங்களுக்கு உளுந்து நிறுக்கத் தெரிஞ்சாப் போதும்" என்றேன். கூட்டம் சிரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் தராசுக்குப் பக்கத்தில் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுவலிக்காரர் மாதிரி நின்றார்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"இங்க டீ அட்டைக்கு நியாயமா விலை சொல்ற அம்மா யாரு?"

"நான்தானுங்க. எந்தூரு?"

"அயோத்தியாப்பட்டணம். பேரு பெருமாயி. டெய்லர் கடைக்குக் கையால அருகு தெச்சு, கொக்கி வெச்சுத் தர்றேன். எங்க டெய்லர் சொன்னாரு, இந்த அட்டையை ராசிபுரத்துல காட்டு, ஏதாவது சாமான் தருவாங்கன்னு. ரெண்டு பஸ் மாறி வந்தேம்மா." இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். "உடும்பும்மா இது."

வாங்கினேன். பாறைமேல் படுத்திருக்கிற ஒரு உடும்பு. பின்னால் முப்பத்தொன்று. 'உடும்பு' என்று போட்டிருந்தது. புறாவுக்குக் கண் இருந்தது. அலகில் மாவிலை இல்லை.

எல்லோரும் என் கையில் இருக்கும் இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். இரண்டில் ஒன்று போலி. எனக்கு ஒரு நொடி என் அட்டைமேலேயே சந்தேகம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடிதான். அதற்குள் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது.

"படம் வேற, புறா வேற, எழுத்தும் தப்பு" என்றேன். "கம்பெனிக்காரன் அடிச்சிருந்தா உடும்புன்னு கொச்சையா போடுவானா? எந்தப் பிரஸ்ல அடிச்சீங்க? அயோத்தியாப்பட்டணத்துலயா, சேலத்துலயா?"

"பிரஸ்ஸா?"

"ஆமாங்க. பொய் அட்டை அடிச்சுட்டு வந்து ஊரை ஏமாத்தலாம்னு பாத்தீங்களா? இதுக்கு ஒரு முயல்கூடத் தர முடியாது. எடுத்துட்டுப் போங்க."

அந்த அம்மாள் அட்டையை வாங்கவில்லை. என்னையே பார்த்தாள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. அதுல என்ன போட்டிருக்குன்னே தெரியாது. எங்க ஊர்ல உடும்பை உடும்புன்னுதான் சொல்லுவோம், அதனால சொன்னேன். டீத்தூள்ல கெடந்துச்சு, எடுத்தாந்தேன். திருடின்னு சொல்லிட்டியே!" கண்ணில் தண்ணீர் நின்றது. கீழே விழவில்லை.

"தெய்வூ, உட்டுரு" என்று என் பெயரைச் சொல்லித் தடுத்தார் என் வீட்டுக்காரர்.

"விட்டுருன்னு சொல்லுங்க!" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"உட்டுரு புள்ள. அந்தம்மா கையில இருக்கறதுதான் அசல். உன்னுது நான் அடிச்சது."

அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. முப்பது பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவருக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"பள்ளிக்கூடத்துல மாட்டற ஊர்வன படம் வாங்கி, அதுல இருந்து உடும்பை வெட்டி ஒட்டினேன். பின்னால டிரெடில் அச்சு மெஷின்ல அடிச்சேன், சோத்து நேரத்துல. கட்டிங் மெஷின்ல ஓரம் வெட்டி, ஒரு வாரம் டீத்தூள் டப்பாவுல பொதைச்சு வெச்சேன். நீ மோந்து பாப்பேன்னு தெரியுமில்ல. புறா அச்சுக்கு பிளாக் எங்க மொதலாளிகிட்ட ஒண்ணுதான் இருக்குது. மாவிலை கவ்வுன புறா. நம்ம கல்யாணப் பத்திரிக்கைய எடுத்துப் பாரு, மேல அதேதான் இருக்கும்."

என் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். "அப்ப… எழுத்து?"

"உடும்புன்னுதான் மொதல்ல கோத்தேன். நீதான சொல்லுவே, உ-ன்னு வந்தா வி-யான்னு யோசின்னு. யோசிச்சேன். நீ திட்டுவியோன்னு உ-வ எடுத்துட்டு வி-ய வெச்சேன்."

அவ்வளவுதான். அர்த்தநாரி அண்ணன் முதலில் சிரித்தார். தராசுத் தட்டு ஆடியது. அப்புறம் வாசலே சிரித்தது. புலிக்குக் கோடு போட்ட பாதகத்தி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். எனக்குத் தராசுப் படிக்கல்லை எடுத்து அவர் தலையில் போடலாமா, என் தலையில் போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது. ஊரில் ஒரு மரியாதை சேர்த்து வைத்திருந்தேன். அது போயிற்றே என்ற கோபத்தோடு, இந்த மனுஷர் எனக்காகச் சோறு தின்னாமல் எழுத்துக் கோத்திருக்கிறாரே என்று வேறு நெஞ்சு அடைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு பொம்பளை என்னதான் செய்வாள்? இருமினேன்.

இருமல் நிற்கிற வரைக்கும் பெருமாயி நின்றுகொண்டிருந்தாள். அர்த்தநாரி அண்ணன் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அவள் என் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப என்னுது நெசந்தானா?"

"நெசந்தானுங்க அக்கா."

"சரி. அதுக்கு என்ன பெறும்னு சொல்லு. நான் போறேன். சாயங்காலத்துக்குள்ள பத்து ரவிக்கைக்குக் கொக்கி வெக்கணும்."

அவளுக்குத் தெரியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெஷின் விஷயமே அவளுக்குத் தெரியாது. பாக்கெட்டில் போட்டிருக்கிறதைப் படிக்க முடியாது. அவள் டெய்லரும் ஏதோ சாமான் என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறான். நான் "நாலு எவர்சில்வர் டம்ளர்" என்றால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவாள். அர்த்தநாரி அண்ணன் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். சொல்லாதே, சின்னதாகச் சொல்லி முடி என்று அர்த்தம். தன் கடையில் இருந்தே ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார், நல்ல மனுஷர். சிரித்த கூட்டமும் வாயை மூடிக்கொண்டது. என் இருமலை ஊரே கேட்டிருக்கிறது. ஒருவரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னதாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். போசி என்றுதான் சொல்ல வந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் அவளைத் திருடி என்று சொன்ன வாய் அது. அதே வாயால் அவளிடமிருந்து திருடச் சொன்னால் வரவில்லை. எனக்கே என்மேல் எரிச்சல்.

"அக்கா, எங்கிட்ட முப்பத்தொம்பது அட்டை இருக்குது. உங்ககிட்ட ஒண்ணு இருக்குது. ரெண்டும் சேந்தா ஒரு தையல் மெஷின் சும்மா தராங்க. சேரலைன்னா ரெண்டும் குப்பை. அதனால என்ற முப்பத்தொம்பதும் உங்க ஒண்ணும் சரிக்குச் சரி. உங்க அட்டை அரை மெஷின் பெறும்."

அர்த்தநாரி அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

பெருமாயி என்னை நிமிர்ந்து பார்த்து, "தையல் மெஷினா?" என்றாள். தன் கையை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. "அரை மெஷினை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? மேல் பாதி எனக்கா, கீழ் பாதியா?"

கூட்டம் மறுபடி சிரித்தது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மெஷினை நடுவில் சேலத்தில் வைக்கலாம் என்றார் ஒருவர். ஒற்றைப்படை தேதி ஒருத்திக்கு, இரட்டைப்படை தேதி ஒருத்திக்கு என்றாள் இன்னொருத்தி. மெஷின் என்ன கைக்குழந்தையா, தினமும் இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைய? கடைசியில் அர்த்தநாரி அண்ணன்தான் சொன்னார். ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் அங்கே.

"அப்படின்னா மொதல்ல நீ வெச்சுக்கம்மா" என்றாள் பெருமாயி. "உனக்குத்தான் இருமுது."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் தலையாட்டியிருப்பேன். திருடி என்று பேச்சு வாங்கிவிட்டு ஒருத்தி இப்படிப் பேசினால் கோபம் வருமா வராதா?

"ஒண்ணும் வேண்டாமுங்க! உங்களைத் தப்பாப் பேசினேன், மொத ஆறு மாசம் உங்களுக்குத்தான். இத்தனை பேரு சாட்சி" என்று கத்தினேன். கத்தி முடிக்கிறதற்குள் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. என்ன செய்வது, சொல்லியாயிற்று.

பெருமாயி அட்டையை என் கையில் வைத்தாள். ரசீது கேட்கவில்லை, எழுதிக் கொடு என்று கேட்கவில்லை. கேட்டாலும் அவளால் படிக்க முடியாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள். அர்த்தநாரி அண்ணன் எடுத்து வைத்த தூக்குப்போசியில் காராபூந்தி போட்டு அவளிடமே கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை நாற்பதும் தபாலில் போயின. அதற்குப் பிறகு டீப்பெட்டியில் நான் உட்காரவில்லை. உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. கடைக்குப் போனால் "அம்மணி, விழுந்து எவ்வளவு போடட்டுங்க?" என்று கேட்பார்கள். "அரைக் கிலோ" என்று நானும் சொல்லிவிட்டு வாங்கி வருவேன். பட்டறையில் தார் சுற்றினேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. குளிர்காலத்தில் இருமல் இரண்டு மடங்கு.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலையில், பார்சல் வந்திருக்கிறது என்று லாரி ஆபீசிலிருந்து ஆள் வந்தான். மரப்பெட்டி. மேலே என் பெயர், கறுப்பு மையில், 'திருமதி செ. தெய்வநாயகி' என்று முழுசாக. வாழ்நாளில் என் பெயருக்கு வந்த முதல் பார்சல். வீட்டுக்காரர் வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். நடுவீட்டில் இறக்கி வைத்தோம். பூவாத்தாள் அக்கா எட்டிப் பார்த்தாள். பலகைச் சந்தில் கறுப்பாகப் பளபளவென்று ஒரு துண்டு தெரிந்தது. தங்க நிறத்தில் ஒரு கொடி மாதிரி ஏதோ பூ வேலை. மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. நான் கிட்டப் போய் மோந்து பார்த்தேன், பழக்கம் போகுமா?

வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்தார்.

"ஏன் புள்ள, பிரிச்சு ஒரே ஒரு நாள் வெச்சுப் பாத்துட்டு அனுப்பலாமே. பெருமாயியக்கா ஒண்ணும் சொல்லாது. ஒரு ஜாக்கெட் தெச்சுப் பாரு."

பெட்டியைப் பார்த்தேன். சந்தில் தெரிந்த அந்தத் தங்கப் பூவைப் பார்த்தேன்.

"பிரிச்சா குடுக்க மாட்டேனுங்க" என்றேன்.

அவர் ஸ்க்ரூ டிரைவரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பத்தரை மணி சேலம் பஸ்ஸில் மேலே ஏற்றி இரண்டு கயிறு போட்டுக் கட்டினோம். அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் அவர் கூடப் போனார். பஸ் முனை திரும்பி மறைகிற வரை நின்றுவிட்டு நான் பட்டறைக்குப் போனேன். காலையில் வராததால் அன்றைக்குத் தார்க் குச்சி நிறையக் கிடந்தது.